பெயரில்லாப் படங்கள்

மலையகத்தின் பழைய ஒளிப்படங்களைக் காணுந்தோறும் என் உள்ளத்தில் ஒரே வினா எழுகிறது: இவர்கள் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கீன் முதலியோரும், பின்னர் பிளாட்டே நிறுவனத்தாரும் எடுத்த படங்களில் தேயிலைக் கூடை சுமந்த பெண்கள் நிற்கின்றனர். அடியில் ‘தமிழ்க் கூலிகள்’ என்பது போன்ற குறிப்பே உண்டு, பெயரில்லை. 1934ஆம் ஆண்டு பசில் ரைட் இயக்கிய ‘சோங் ஒவ் சிலோன்’ திரைப்படத்திலும் வாணிபத்தின் குரல் ஒலிக்கிறது. கொழுந்து கொய்தவளின் குரல் ஒலிக்கவில்லை.

இது சிறு குறையன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் வழிப் பிறப்புக்குச் சான்று கேட்டது. படத்தில் நின்றவர் தம் பாட்டனாரேயாயினும், பெயரில்லாத படம் எந்த அலுவலகத்தில் சான்றாகும்?

கம்பளைக்கு அருகே, பழைய லயன் அறைகளில் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணகமும் அமைந்தன. நற்பணி, ஆயினும் பேழையைத் திறப்பது பாதி வேலையே. கொழும்பிலும் இலண்டனிலும் உள்ள படங்களின் படிகள் ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் வரவேண்டும். ஆசிரியரும் மாணவரும் அவற்றை லயங்களுக்கு எடுத்துச்சென்று, முதியோரிடம் காட்டி, தோட்டத்தையும் மலையையும், இயலுமாயின் ஆளையும் கேட்டு எழுதவேண்டும். 1934இல் கொழுந்து கொய்தவளின் மகள் இன்றும் எங்கேனும் இருக்கக்கூடும். அவளும் மறைந்துவிட்டால் படம் எஞ்சும். பெயர் சொல்ல ஆளிராது.