ஆண்டிபட்டி கணவாயும் 24 மணி நேரப் பந்தயமும்

2025 ஜனவரி 11, 12 தேதிகளில் துபாய் ஆட்டோட்ரோமில் நடந்த 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. எண்டூரன்ஸ் ரேஸ், அதாவது நெடும்பந்தயம், என்ற பேச்சு தமிழ்நாட்டு டீக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். கூடவே இரண்டு கேள்விகளும் வந்தன. ஒரு நாள் முழுக்க ஓட்டுகிற பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்த மாதிரி ஒரு காரை நம் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு பந்தயம் பார்க்கப் போக முடியுமா? இரண்டுக்கும் சேர்த்தே விடை சொல்லலாம். நெடும்பந்தயத்தில் காரைக் காப்பாற்றுகிற அதே வேலைகள்தான் தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியிலிருந்து கிளம்புகிற காரையும் காப்பாற்றும்.

வழக்கமான பந்தயத்தில் இத்தனை சுற்று என்று கணக்கு வைத்து, முதலில் முடிப்பவருக்குப் பரிசு கொடுப்பார்கள். நெடும்பந்தயத்தில் நேரம்தான் கணக்கு. ஆறு மணி நேரமோ, பன்னிரண்டோ, இருபத்துநாலோ, அதற்குள் அதிகத் தூரம் ஓடிய கார் ஜெயிக்கும். ஒரே காரை மூன்று நான்கு பேர் முறை வைத்து ஓட்டுவார்கள். பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஆள் மாற்ற என்று கார் அடிக்கடி தடத்தோரப் பணிமனையான பிட்டுக்குள் வந்து போகும். வேகமான கார்களும் வேகம் குறைந்த கார்களும் ஒரே தடத்தில் பிரிவு பிரிவாக ஓடும். அதனால் மொத்த வரிசையில் பின்னால் இருக்கும் கார் தன் பிரிவில் முன்னால் இருக்கலாம். தொலைக்காட்சியில் பார்க்கும்போது குழப்பம் வருவது இங்கேதான்.

இதில் தோற்கடிப்பது பெரும்பாலும் நின்றுபோன நேரம். ஒரு சுற்றில் ஒரு விநாடி மிச்சம் பிடிக்க நூறு சுற்று பாடுபட்டவர், தேய்ந்த பிரேக்கை மாற்ற பிட்டில் பத்து நிமிடம் நின்றால் அத்தனையும் போச்சு. துபாயில் போட்டிக்குச் சில நாள் முன்பு, ஜனவரி 7 அன்று, பயிற்சியில் அஜித் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவருக்குக் காயம் இல்லை. அதன்பிறகு தன் அணியின் முதன்மைக் காரை ஓட்டுவதிலிருந்து அவர் விலகிக்கொண்டார். வேறொரு அணியின் காரில் ஜிடி4 பிரிவில் ஓட்டினார். ரசிகர்கள் பலருக்கு அது ஏமாற்றம். எனக்கு அந்த வார இறுதியிலேயே பெரிய செயலாகப் பட்டது அந்த விலகல்தான். காரும் மற்ற ஓட்டுநர்களும் கடைசி மணி வரை தாங்க வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது.

இந்தக் கணக்கை மீறியவர்களுக்கு என்ன ஆனது என்பதற்குப் பிரான்ஸின் லெமான்ஸ் பந்தயத்தில் 1952இல் ஓட்டிய பியர் லெவெக் சாட்சி. டால்போ காரில் அவர் துணை ஓட்டுநருக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. ஏறக்குறைய 23 மணி நேரம் தனியாக ஓட்டினார். பல சுற்று முன்னிலை. கடைசி நேரத்தில் இன்ஜின் உடைந்தது. மெர்சிடீஸ் கார்கள் முதல் இரண்டு இடங்களையும் அள்ளிக்கொண்டு போயின. களைப்பில் கியரைத் தவறாகப் போட்டார் என்றே பலரும் சொல்வார்கள். இன்று லெமான்ஸில் ஒருவர் எந்த ஆறு மணி நேரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கென்றே பயிற்சி எடுத்தவர்களுக்கு இந்த வரம்பு. தேனியிலிருந்து சென்னைக்கு ராத்திரியில் ஒரே மூச்சில் ஓட்டி, விடிவதற்குள் போய்விட்டேன் என்று பெருமை பேசுகிறவர்கள் இந்த எண்களை மனதில் வைக்க வேண்டும்.

பந்தயக் காரைச் சாலையிலேயே ஓட்டிக்கொண்டு போவதும் புதிதல்ல. லெமான்ஸ் முதன்முதலில் 1923 மே மாதம் நடந்தது. அப்போது ஜான் டஃப் என்பவர் தன் பென்ட்லி காரை இங்கிலாந்திலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து, அதே காரில் போட்டியிட்டார். முன்சக்கரங்களுக்குப் பிரேக்கே கிடையாது. தடமோ கல் பெயர்ந்த சாலை. ஒரு கல் முகப்பு விளக்கை உடைத்தது. இன்னொன்று பெட்ரோல் டேங்கைத் துளைத்தது. கார் பாதி வழியில் நின்றுபோனது. டஃப் பிட்டுக்கு ஓடி வந்து சொல்ல, கூட்டாளி ஃபிராங்க் கிளெமென்ட் பெட்ரோல் கேன்களைத் தூக்கிக்கொண்டு இரவல் சைக்கிளில் போய், ஓட்டையை அடைத்து, காரை உயிர்ப்பித்துத் திரும்பக் கொண்டுவந்தார். அப்படியும் நான்காம் இடம் கிடைத்தது.

அந்தக் காலத்து லெமான்ஸ், சாலையில் ஓடும் காரைச் சோதிக்கவே தொடங்கப்பட்டது. டிஸ்க் பிரேக்கின் வலிமையை உலகம் ஒப்புக்கொண்டதும் 1953இல் ஜாகுவார் அங்கே ஜெயித்தபோதுதான். இன்று பல பைக்குகளின் முன்சக்கரத்தில் இருப்பது அதே வகைப் பிரேக்.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் 24 மணி நேரப் பந்தயம் கிடையாது. ஆனால் நிரந்தரத் தடங்கள் உண்டு. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாக்கி, 1990இல் திறந்த தடம் அது. 3.7 கிலோமீட்டர் நீளம், 12 வளைவுகள். இன்னொன்று கோவை செட்டிபாளையத்தில், பந்தய வீரர் கரிவரதன் பெயரில் அமைந்த கரி மோட்டார் ஸ்பீட்வே. இரண்டிலும் நடப்பவை பெரும்பாலும் குறும்பந்தயங்கள். ஆனாலும் நெடும்பந்தயத்துக்குப் போன நம் ஆட்களை வளர்த்தது இந்த மாதிரித் தடங்கள்தான். கோவை நரேன் கார்த்திகேயன் 2009இல் லெமான்ஸில் ஆடி காரில் ஓட்ட இருந்தார். பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்பு தோள்பட்டை விலகி வாய்ப்பு போனது. சென்னை கருண் சந்தோக் 2012இல் அங்கே ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய அணி மொத்த வரிசையில் ஆறாவதாக வந்தது.

ஆண்டிபட்டியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை 500 கிலோமீட்டருக்குக் குறையாது. கணவாய் தாண்டி உசிலம்பட்டி, செக்கானூரணி, மதுரை. அங்கிருந்து மேலூர், துவரங்குறிச்சி, விராலிமலை, திருச்சி, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு. சிங்கப்பெருமாள்கோவிலில் இடதுபக்கம் திரும்பி ஒரகடம் வழியே ஸ்ரீபெரும்புதூர் போய்விட்டால் சென்னை நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. மதுரைக்குப் பிறகு நான்குவழிச் சாலை. ஸ்போர்ட்ஸ் காருக்குச் சோதனை மதுரைக்கு முந்தைய அறுபது சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது.

முதல் சோதனை வேகத்தடை. நம் சின்னக் கார்களுக்குத் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 16, 17 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரில், ரகத்தைப் பொறுத்து, 10 முதல் 13தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டதாக, மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் என்றதும் பயம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்றால், இவ்வளவு அகலமான மேட்டில் நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். நடுவயிற்றுக்குக் கீழே மேடு துருத்துவது நாலரை சென்டிமீட்டர் அளவே. கார் லேசாகத் தாண்டிவிடும். ஊர்க்காரர்கள் விபத்துக்குப் பயந்து அவசரத்தில் கொட்டி வைக்கும் தடை அதே உயரத்தில் இரண்டடி அகலம்கூட இருக்காது. பத்து சென்டிமீட்டரும் அப்படியே வயிற்றுக்கு வந்துவிடும். இரண்டு பேரும் பெட்டிகளும் ஏறி கார் சற்றே அமுங்கியிருந்தால் உரசல் நிச்சயம். அங்கே எதிரில் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நடை வேகத்தில், சற்றுச் சாய்வாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாகக் கடக்க வேண்டும். முன்பகுதியைச் சில சென்டிமீட்டர் தூக்கும் வசதி காரில் இருந்தால், தடைக்கு முன்பே அதை இயக்கிவிடுங்கள். தடை வந்தபின் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறினால் மூக்கு இன்னும் தாழும். அடி வாங்குவதும் அதுதான்.

இரண்டாவது, சாலையில் காயப்போட்ட கொள்ளும் உளுந்தும். அறுவடைக் காலத்தில் வண்டிகள் ஏறி உதிரட்டும் என்று செடியோடு பரப்பி வைப்பார்கள். களம் இல்லாத சம்சாரிக்கு வேறு வழியில்லை. அவரைக் குறை சொல்லிப் பயனும் இல்லை. உயரமான பஸ் அதன்மேல் போய்விடும். தாழ்ந்த காரின் அடியில் புகைபோக்கியும் அதன் வினையூக்கிக் கலனும் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். காய்ந்த கொடி அச்சில் சுற்றி அங்கே சிக்கினால் தீப்பிடிக்கலாம். அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள். வழியே இல்லாமல் ஏற்ற நேர்ந்தால், கடந்ததும் ஓரமாக நிறுத்திக் குனிந்து பாருங்கள். சிக்கியிருக்கும் கொடியைக் குச்சியால் இழுத்துப் போடுங்கள். கை வைத்தால் வெந்துவிடும்.

கணவாயில் இன்னொன்று காற்று. ஆனி, ஆடி மாதங்களில் இந்தப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று சாதாரணமானதல்ல. தாழ்ந்த கார் அசையாது. உங்கள் முன்னால் போகும் வைக்கோல் லாரியும் டூவீலரும் அசையும். மலை மறைப்பு விலகும் இடத்தில் பைக்கில் போகிறவர் சட்டென்று ஒரு முழம் நகர்வார். அந்த நேரத்தில் அவரை ஒட்டி முந்தாதீர்கள்.

டயர் காற்றைக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி ஓடி டயர் 30 டிகிரி சூடேறினால் அழுத்தம் 4, 5 பிஎஸ்ஐ தானாகக் கூடும். திருச்சியில் நிறுத்திப் பார்த்துவிட்டு “காத்து ஜாஸ்தியா இருக்கு, இறக்கி விடுப்பா” என்று சொல்லக் கூடாது. குளிர்ந்ததும் காற்று குறைந்த டயராக நிற்கும். அந்த டயர்தான் நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்கும். பந்தய அணிகளும் இந்த ஏற்றத்தைக் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த டயரில் குறைத்துப் பிடிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது. முன் டயர் ஓர் அளவு, பின் டயர் ஓர் அளவு. ஆணி குத்தினால் ஆண்டிபட்டி பங்க்சர் கடையிலேயே அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் அந்த அளவு டயர் மாவட்டத்தில் கிடைப்பது அரிது. தாழ்வான ஜாக்கியும், காரை மேலே ஏற்றிப் போகும் தட்டையான மீட்பு லாரியின் தொலைபேசி எண்ணும் கையில் இருக்கட்டும். சாதாரண ஜாக்கி அடியில் நுழையவே நுழையாது.

வேகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து திருச்சி ஏறக்குறைய 135 கிலோமீட்டர். சராசரி 80இல் போனால் 101 நிமிடம், 100இல் போனால் 81 நிமிடம். மிச்சம் 20 நிமிடம். காற்றின் எதிர்ப்பு இதற்குள் ஒன்றரை மடங்குக்கு மேலாகி, பெட்ரோலும் கூடுதலாகப் போகும். ஒரு டயர் கிழிந்தால் போவதோ அரை நாள். 60இலிருந்து நிறுத்துவதைவிட 120இலிருந்து நிறுத்த பிரேக் நான்கு மடங்கு ஆற்றலை விழுங்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிட்டில் நிற்காமல் இருப்பதே லாபம் என்ற கணக்கு நெடுஞ்சாலையில் இன்னும் கறாராகப் பொருந்துகிறது.

துபாய்ப் பந்தயத்தில் ‘கோட் 60’ என்று ஒரு விதி உண்டு. தடத்தில் விபத்து நடந்தால் ஊதா நிறக் கொடியைக் காட்டுவார்கள். உடனே எல்லாக் கார்களும், முதலிடத்தில் இருப்பது உட்பட, 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் முந்தக் கூடாது. அஜித்தின் பந்தயக் காணொளியைப் பார்த்துவிட்டு ராத்திரியில் கணவாய்க்கு பைக்கையும் காரையும் கொண்டுபோய் வளைவில் சாய்த்துப் படம் பிடிக்கும் தம்பிமார் இந்த விதியை அறிந்துகொள்ள வேண்டும். இத்தனைக்கும் தடத்தில் எதிரே வண்டி வராது. மாடு வராது. வளைவுக்கு வெளியே கார் சரிந்து நிற்க இடம் விட்டிருப்பார்கள், பக்கத்தில் ஆம்புலன்ஸ் காத்திருக்கும். கணவாயில் இவற்றில் ஒன்றும் இல்லை. எதிரே ஸ்கூல் பஸ்தான் வரும்.

பார்க்கப் போகிறவர்கள், கிளம்பும் முன் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் போட்டி அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். பந்தயங்கள் வார இறுதிகளில்தான் நடக்கும். காதுக்குப் பஞ்சும் தலைக்குத் தொப்பியும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். 1955இல் லெமான்ஸில் கார் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். நீங்களே ஓட்ட ஆசைப்பட்டால் சொந்தக் கார்கூட வேண்டாம். கோவையிலும் சென்னையிலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. காரும் ஹெல்மெட்டும் அவர்களே தருவார்கள். போட்டியில் இறங்க இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் உரிமம் வேண்டும். முதல் வேலையாக அந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுங்கள்.