டிக்கின் மகன் டிக்சன் ஆன கதை

பள்ளி விடுமுறை வந்தால் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. அந்த ஊருக்குப் பெயர் தந்தவர், நீரிணைக் குடியேற்றங்களின் காலனித்துவச் செயலாளராகப் பணியாற்றிய சர் ஜான் பிரெடரிக் டிக்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. ஊரின் பெயருக்குள் அவர் இருக்கிறார். அவருடைய பெயருக்குள் யார் இருக்கிறார் தெரியுமா? பல நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு ரிச்சர்ட் இருக்கிறார்.

'சன்' என்றால் மகன். 'டிக்' என்பது ரிச்சர்ட்டின் செல்லப் பெயர். ஆகவே டிக்சன் என்றால் டிக்கின் மகன், அவ்வளவுதான். ரிச்சர்டுக்கும் டிக்குக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

ரிச்சர்ட் என்பது பழைய ஜெர்மானிய மொழியிலிருந்து வந்த பெயர். ஆட்சி, வலிமை என்னும் பொருள் தரும் இரண்டு சொற்கள் அதில் சேர்ந்துள்ளன. 1066ஆம் ஆண்டு நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு இந்தப் பெயர் அங்கே பரவியது. 1189 முதல் 1199 வரை ஆண்ட 'சிங்க நெஞ்சன்' ரிச்சர்ட் மன்னரும் இதே பெயர் கொண்டவர்தான். மக்கள் அதை 'ரிக்' என்று சுருக்கினார்கள். பிறகு எதுகை போல முதல் எழுத்தை மாற்றி 'ஹிக்' என்றும் 'டிக்' என்றும் அழைத்தார்கள். ராபர்ட் என்பவர் 'ராப்', 'ஹாப்', 'டாப்' ஆனதும் இப்படித்தான்.

ஒரே ரிச்சர்ட்டிலிருந்து எத்தனை குடும்பப் பெயர்கள் கிளைத்தன என்று பாருங்கள். ரிச்சர்ட்சன், டிக்சன், டிக்கின்சன், ஹிக்சன், ஹிக்ஸ் எல்லாமே அவருடைய வாரிசுகள். புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸின் பெயரும் இந்த வரிசையில் வருகிறது. வேல்ஸ் மொழியில் 'ஆப்' என்றால் மகன். அங்கே 'ஆப் ரிச்சர்ட்' என்பதே பிரிச்சர்ட் ஆயிற்று.

ஏன் இந்தப் பெயர் தேவைப்பட்டது?

14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்களில் பெரும்பாலோருக்கு ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ் போன்ற சில பெயர்களே இருந்தன. ஒரே கிராமத்தில் பல ஜான்கள் இருந்தால் வரி வசூலிப்பவர் என்ன செய்வார்? 'டிக்கின் மகன் ஜான்' என்று எழுதுவார். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டபோது இப்படிப் பல்லாயிரம் பெயர்கள் ஏட்டில் ஏறின.

தொடக்கத்தில் இது ஒரு தலைமுறைப் பெயராகவே இருந்தது. டிக்கின் மகன் ஜான் என்றால், ஜானின் மகன் 'ஜான்சன்' ஆகவேண்டும். ஆனால் நிலவுரிமை, வாரிசுரிமை, வரி என்று ஆவணங்கள் பெருகப் பெருக, பெயர் அப்படியே நின்றுவிட்டது. பேரனும் டிக்சன், கொள்ளுப்பேரனும் டிக்சன். 1538இல் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று ஆணை வந்தபின் இந்த வழக்கம் மேலும் உறுதிப்பட்டது.

எழுத்துக்கூட்டல் மட்டும் எழுதியவர் விருப்பப்படி அமைந்தது. ஒருவர் நேராக எழுத, இன்னொருவர் நடுவில் 'எக்ஸ்' எழுத்தைப் போட்டு எழுதினார். ஸ்காட்லாந்தில் முதல் வடிவமும், வட இங்கிலாந்தில் 'எக்ஸ்' வடிவமும் அதிகம் காணப்படுகின்றன. இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்தில் 1733இல் பிறந்த நில அளவையாளர் ஜெரமையா டிக்சன் இரண்டாம் வடிவத்துக்காரர். அவரும் சார்ல்ஸ் மேசனும் 1763 முதல் 1767 வரை அளந்த மேசன்-டிக்சன் கோடு, பிற்காலத்தில் அமெரிக்காவில் அடிமைமுறை இருந்த மாநிலங்களுக்கும் அது ஒழிக்கப்பட்ட மாநிலங்களுக்கும் இடையிலான எல்லையாகப் பேசப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா டிக்சன்களும் உறவினர்கள் அல்லர். ஊருக்கு ஊர் ஒரு டிக் இருந்தார், அவருக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் ஒன்றானாலும் வேர்கள் பல.

மகள்கள் எங்கே போனார்கள்?

1379ஆம் ஆண்டு யார்க்‌ஷர் வரிப் பட்டியலில் இன்னாரின் மகள் என்று பொருள்படும் பெயர்களும் உண்டு. ஆனால் அவை நிலைக்கவில்லை. இன்று டிக்சன் குடும்பத்தில் பிறக்கும் பெண்ணும் 'டிக்கின் மகன்' என்றே கையொப்பமிடுகிறாள்! ஐஸ்லாந்தில் மட்டும் அந்தப் பழைய முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரோடு மகனுக்கு 'சன்', மகளுக்கு 'டோட்டிர்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள்.

நேயர்களே, இது நமக்குப் பழக்கமான முறைதானே! மலேசியாவில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்றும், சிங்கப்பூரில் 'சன் ஆஃப்', 'டாட்டர் ஆஃப்' என்றும் நம் அடையாள அட்டையில் இருப்பது இதுதான். வெளிநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் நம்மில் பலர் திகைக்கிறோம். தந்தைக்கும் மகனுக்கும் ஏன் வெவ்வேறு குடும்பப் பெயர் என்று அதிகாரி கேட்டால், விளக்கம் சொல்லவும் தடுமாறுகிறோம். இனி தயங்காமல் சொல்லுங்கள்: இங்கிலாந்திலும் 600 ஆண்டுகளுக்கு முன் இதுவே வழக்கம். அவர்கள் ஒரு தலைமுறையில் நிறுத்திக்கொண்டார்கள், நாம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதுப்பிக்கிறோம்.

இரண்டு முறையிலும் இழப்பு உண்டு. டிக்சன்களிடம் முன்னோரின் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த டிக் யார் என்று தெரியாது. நமக்கு அப்பாவைத் தெரியும், ஆனால் நம் பெயரில் தாத்தா இல்லை. இரண்டு தலைமுறை கடந்தால் அவர் பெயர் எந்த அட்டையிலும் இராது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவின் பெயர் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டதோ, அதுவும் எழுதியவர் கைவண்ணத்தைப் பொறுத்ததே.

ஆகவே வீட்டில் முதியவர்கள் இருக்கும்போதே தாத்தா, பாட்டி, அவர்களுடைய பெற்றோர் பெயர்களைக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். பாட்டிமார் பெயரை மறந்துவிடாதீர்கள். இங்கிலாந்தின் பட்டியல்களில் முதலில் மறைந்தவை மகள்களின் பெயர்கள்தான்.