116 ஏக்கர் பூங்கா எங்கே போனது?

சென்னை சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கு எதிரே இன்னொரு ரெயில் நிலையம் இருக்கிறது. அதன் பெயர் பார்க் ஸ்டேஷன். அந்த வட்டாரத்துக்குப் பார்க் டவுன் என்று பெயர். தமிழில் பூங்கா நகர்.

தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே ஏறி இறங்குகிறார்கள். "பார்க்குக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆனால், "எந்தப் பார்க்? அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தப் பூங்கா உண்மையாகவே இருந்தது. அதன் பரப்பு 116 ஏக்கர். கால்பந்து மைதானங்களாகப் பிரித்தால் 60க்கு மேல் வரும். அவ்வளவு பெரிய பூங்கா எங்கே போயிற்று?

அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால், உங்கள் ஊர்ப் பூங்காவைக் காப்பாற்றும் வழியும் தெரியும்.

கவர்னரின் ஆசை

1859ம் ஆண்டு சென்னைக்கு சர் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்தார். அந்தக் காலத்தில் ஜனங்கள் நெருக்கி அடித்துக்கொண்டு வாழ்ந்த இடம், இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பகுதி. ஒடுக்கமான தெருக்கள். ஒட்டி ஒட்டி வீடுகள். அங்கே உள்ளவர்கள் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று கவர்னர் விரும்பினார்.

பணக்காரர்களுக்குத் தோட்டம் இருந்தது. ஏழைகளுக்கு என்ன இருந்தது? ஆகவே, இந்தப் பூங்காவுக்கு வைத்த பெயரே "பீப்பிள்ஸ் பார்க்", அதாவது மக்கள் பூங்கா.

கவர்னர் அதிக நாள் பதவியில் இருக்கவில்லை. மேலிடம் கொண்டு வந்த வரித் திட்டத்தை அவர் பகிரங்கமாக எதிர்த்தார். அதனால் 1860ல் அவரைத் திருப்பி அழைத்து விட்டார்கள். ஆனாலும் பூங்கா வளர்ந்தது. குளங்கள் வெட்டினார்கள். பாதைகள் போட்டார்கள். பாண்டு வாத்தியம் வாசிக்க மேடை கட்டினார்கள்.

மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்தது. முதலில் அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்தது. 1855ல் எட்வர்டு பால்பர் என்ற டாக்டர் அதைத் தொடங்கினார். பிறகு அந்த மிருகங்களைப் பூங்காவுக்குக் கொண்டு வந்தார்கள்.

சென்னைவாசிகள் இரண்டுக்கும் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்கள். பாடம் செய்த மிருகங்கள் இருக்கும் அருங்காட்சியகம் "செத்த காலேஜ்". உயிருள்ள மிருகங்கள் இருக்கும் இடம் "உயிர் காலேஜ்"!

துண்டு துண்டாக...

இந்தப் பூங்காவை யாரும் ஒரே நாளில் அழித்து விடவில்லை. கொள்ளைக்காரன் வந்து கொண்டு போகவில்லை. எல்லாம் நல்ல காரியத்துக்காகவே போயிற்று. அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஊருக்கு ஒரு பெரிய மண்டபம் தேவைப்பட்டது. பூங்காவில் இடம் இருந்தது. 1880களில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழும்பியது. கூட்டங்களும் நாடகங்களும் அங்கே நடந்தன.

ஊருக்கு ஒரு நல்ல மார்க்கெட் தேவைப்பட்டது. 1900ம் ஆண்டு மூர் மார்க்கெட் திறந்தது. பழைய புத்தகம் வாங்க மூர் மார்க்கெட்டைத் தேடிப் போகாத வாசகர் அந்த நாளில் உண்டா?

மாநகராட்சிக்கு ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. 1909ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1913ல் வெள்ளை மாளிகையாக ரிப்பன் கட்டிடம் எழுந்து நின்றது. ஊர்ப் பூங்காக்களை எல்லாம் மேற்பார்வை செய்யும் மாநகராட்சி, தானே ஒரு பூங்காவின் நிலத்தில்தான் குடியேறியது!

விளையாட்டுக்கு ஓர் அரங்கம் தேவைப்பட்டது. கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தது இங்கேதான். டெஸ்ட் ஆட்டத்தில் அந்த உலக சாதனையை 2008 வரை யாரும் முறியடிக்கவில்லை. பிறகு அந்த அரங்கம் நேரு ஸ்டேடியம் ஆயிற்று. 1993ல் அதைப் புதிதாகக் கட்டினார்கள்.

1985ல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. மே மாதம் மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடத்தில் பிறகு புறநகர் ரெயில் நிலையம் வந்தது. ஜூலை மாதம் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறந்தது. "உயிர் காலேஜ்" ஊருக்கு வெளியே போயிற்று. மிருகங்களுக்கு விசாலமான காடு கிடைத்தது, நல்லதுதான். ஆனால், மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரும் வசதி போயிற்று.

மிச்சம் என்ன? மைலேடீஸ் பூங்கா என்ற ஒரு துண்டு மிஞ்சியது. மற்றபடி பெயர்தான் மிச்சம்.

மண்டபம் வேண்டாமா? மார்க்கெட் வேண்டாமா? ஸ்டேடியம் வேண்டாமா? எல்லாம் வேண்டும். ஆனால், காலியாகக் கிடக்கும் இடம் என்றால் எல்லோருக்கும் பூங்காதான் கண்ணில் படுகிறது. கட்டிடத்துக்கு வாடகை உண்டு, வருமானம் உண்டு. பூங்காவுக்கு வருமானம் இல்லை. அது வாய் திறந்து பேசாது. அதற்காகப் பேச ஒருவர் வேண்டும்.

நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு சட்டம்

மக்கள் பூங்கா உருவானது 1859ல். சரியாக நூறு வருஷம் கழித்து, 1959ல், சென்னை சட்டசபையில் ஒரு சட்டம் வந்தது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்த வெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கான சட்டம் அது. இன்றும் தமிழ்நாட்டில் அது இருக்கிறது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு பட்டியல். ஊரில் எத்தனை பூங்கா, எத்தனை விளையாட்டுத் திடல், எத்தனை திறந்த வெளி என்று கணக்கெடுத்துப் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை இஷ்டப்படி வேறு காரியத்துக்குத் திருப்பக் கூடாது. முன்கூட்டியே அனுமதி வேண்டும்.

வீட்டில் நகைக்குக் கணக்கு வைத்திருந்தால்தானே, ஒன்று குறைந்தால் தெரியும்? பூங்காவுக்கும் அப்படித்தான்.

பிறகு 1992ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது 74-வது திருத்தம். 1993ல் அமலுக்கு வந்தது. நகர உள்ளாட்சிகளுக்கு மாநில அரசு ஒப்படைக்கக் கூடிய 18 பணிகளின் அட்டவணை அதில் இருக்கிறது. அதில் 12-வது பணி: பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் போன்ற வசதிகளைச் செய்து தருவது.

புதிய நகரில் உங்கள் பங்கு

இப்போது ஊர்தோறும் புதுப் புது நகர்கள் முளைக்கின்றன. நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கிறார்கள். அங்கே பூங்காவுக்கு இடம் எப்படிக் கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் 2019ம் ஆண்டின் கட்டிட விதிகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், சாலைகள் போக மீதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு திறந்த வெளிக்கு ஒதுக்க வேண்டும். சாலை போக 5 ஏக்கர் இருந்தால், அதில் அரை ஏக்கர் பொதுவுக்கு. அந்த இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, மனை வாங்கும்போது உங்கள் மனையின் நீள அகலத்தை மட்டும் பார்க்காதீர்கள். வரைபடத்தில் "பூங்கா" என்று எழுதியிருக்கும் கட்டத்தையும் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகி விட்டதா? சுற்றிலும் வேலி போட்டாயிற்றா? பெயர்ப் பலகை வைத்தாயிற்றா?

வரைபடத்தில் மட்டும் இருக்கும் பூங்காவில் குழந்தை விளையாட முடியாது. வேலி இல்லாத இடத்தில் முதலில் குப்பை விழும். பிறகு செங்கல் வந்து இறங்கும். அதன் பிறகு சுவர் எழும்பும். சுவர் எழும்பிய பிறகு ஓடுவதைவிட, செங்கல் இறங்கும்போதே கேட்பது மேல்.

பெங்களூரில் ஜெயித்தவர்கள்

"நாம் கேட்டால் யார் கேட்பார்கள்?" என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் பெங்களூரில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே ஒரு குடியிருப்பில் பூங்காவுக்கு என்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். முதலமைச்சரின் உத்தரவின் பேரில், அந்த இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒரு டிரஸ்டுக்குக் கொடுத்து விட்டார்கள். குடியிருந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. ஐகோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

"மருத்துவமனையும் நல்ல காரியம்தானே?" என்று எதிர்த் தரப்பு வாதாடியது. 1991ல் தீர்ப்பு வந்தது. பூங்கா எல்லோருக்கும் பொது. தனியார் மருத்துவமனை அதற்கு ஈடு ஆகாது. அங்கே குடியிருக்கும் மக்களுக்கு இதைத் தட்டிக் கேட்கும் உரிமை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. குடியிருந்தவர்கள் ஜெயித்தார்கள்.

மேற்பார்வை என்றால் என்ன?

நிலத்தைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. உள்ளே வருபவர்களின் உயிரையும் காப்பாற்ற வேண்டும்.

1886 டிசம்பர் 31-ந் தேதியைச் சென்னை வெகு காலம் மறக்கவில்லை. மறுநாள் புத்தாண்டு. மக்கள் பூங்காவில் கண்காட்சி. நல்ல கூட்டம். திடீரென்று தீப்பிடித்தது. வேடிக்கை பார்க்க வந்த நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டு போனார்கள். திருவிழா, கண்காட்சி என்று பந்தல் போடும்போதெல்லாம் வெளியேற வழி இருக்கிறதா, தண்ணீர் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதும் மேற்பார்வைதான்.

சின்னப் பூங்காவில்கூடப் பார்க்க வேண்டியவை உண்டு. ஊஞ்சலின் சங்கிலி தேய்ந்து போயிருக்கிறதா? சறுக்குமரத்தின் கீழே மணல் இருக்கிறதா, கல்லாக இருக்கிறதா? விளக்குக் கம்பத்தில் ஒயர் வெளியே தொங்குகிறதா? குடிதண்ணீர் வருகிறதா? பெண்களுக்குக் கழிப்பிடம் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா? சாயங்காலம் பிள்ளைகள் வரும் நேரத்தில் கதவு பூட்டிக் கிடக்கிறதா?

இதைப் பார்க்க என்ஜினீயர் படிப்பு வேண்டாம். பேரனை அழைத்துக்கொண்டு போகும் தாத்தா பார்க்கலாம், பாட்டி பார்க்கலாம். ஊஞ்சலில் ஆடும் பிள்ளையே சொல்லிவிடும்.

யாரிடம் சொல்வது?

பார்த்ததை யாரிடம் சொல்வது? முதலில் வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். பூங்கா யாருடைய பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். சில பூங்காக்கள் மாநகராட்சிக்கு உரியவை. சில, அரசாங்கத்தின் தோட்டக்கலைத் துறைக்கு உரியவை. ஆள் மாறிப் புகார் கொடுத்தால் மனு சுற்றிச் சுற்றி வரும்.

சென்னை மாநகராட்சிக்குப் புகார் சொல்ல டெலிபோன் எண் 1913. ரிப்பன் கட்டிடம் திறந்த வருஷமும் 1913. ஆகவே மறக்காது!

மற்ற நகரங்களில் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நகலை வீட்டில் வையுங்கள்.

2022ல் தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழு, பகுதி சபை அமைக்க விதிகள் வந்தன. கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசலாம். "எங்கள் வார்டில் பூங்கா எத்தனை? இந்த வருஷம் அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கினீர்கள்? எவ்வளவு செலவழித்தீர்கள்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். போதும்.

பதில் வரவில்லையா? 2005ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். பூங்காப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாகப் போய்ப் பாருங்கள். பட்டியலில் இருப்பது தரையில் இருக்கிறதா?

இருந்தால் சந்தோஷம். பிள்ளைகளை அங்கே விளையாட விடுங்கள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கை வைக்க எவனும் யோசிப்பான். இல்லாவிட்டால், அன்றைக்கே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மனு எழுதுங்கள்.

116 ஏக்கர் போன பிறகு பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. உங்கள் தெருவில் உள்ள அரை ஏக்கராவது மிஞ்ச வேண்டாமா?