முன்னால் நின்றால் பெருக்கு

மேலூர்ப் பக்கத்து எங்கள் நிலத்தின் பழைய பத்திரத்தில் '௨௰ செண்டு' என்றிருந்தது. ௨ என்றால் இரண்டு, ௰ என்றால் பத்து. ஆகவே பன்னிரண்டு என்றேன். "எட்டு செண்டை முழுங்கிட்டியே, பேராண்டி!" என்றார் தாத்தா.

பழந்தமிழ் எண்முறையில் பூச்சியம் கிடையாது. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. இவற்றுக்கு முன்னால் சிற்றெண் நின்றால் பெருக்க வேண்டும். பின்னால் நின்றால் கூட்ட வேண்டும். எனவே ௨௰ இருபது, ௰௨தான் பன்னிரண்டு.

ரோமானியரும் பூச்சியமின்றியே எழுதினர். ஆனால் அங்கே முன்னால் நிற்கும் சிற்றெண்ணைக் கழிக்க வேண்டும். நூறைக் குறிக்கும் 'சி'க்கு முன் பத்தைக் குறிக்கும் 'எக்ஸ்' நின்றால் தொண்ணூறு.

1897 என்பதை மாற்றிப் பார்ப்போம். ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, ஏழு என்று பிரித்துச் சொல்லி, சொன்ன வரிசையிலேயே எழுதினால் ௲௮௱௯௰௭. ஆறே குறிகள்! ரோமன் முறையிலோ பத்து எழுத்துகள் வேண்டும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பத்திரம் இருக்கலாம். எந்தக் குறி முன்னால் நிற்கிறது என்று பார்த்துப் படியுங்கள், நிலம் குறையாது.