கடல் விலகிய துறைமுகம்

பைசா நகரம் என்றதும் மாணவர் நினைவுக்கு வருவது சாய்ந்த கோபுரமே. நானும் பல்லாண்டு கலிலியோ குண்டு போட்ட கதையோடு அந்நகரை விட்டுவிட்டேன். அது கடலாண்ட நகரம் என்பதை வகுப்பில் சொன்னதில்லை. அக்குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

இத்தாலியின் மேற்குக் கரையில், ஆர்னோ ஆற்றின் முகத்துவாரத்தை அடுத்து எழுந்த ஊர் அது. 1063-இல் பைசாவின் கப்பல்கள் சிசிலித் தீவின் பலெர்மோத் துறையைத் தாக்கின. அங்குக் கிடைத்த செல்வத்தைக் கொண்டே பைசாவின் தலைமைக் கோயிலைக் கட்டத் தொடங்கினர். 1173-இல் தொடங்கிய சாய்ந்த கோபுரம் அக்கோயிலின் மணிக்கூண்டுதான்.

1284-இல் மெலோரியாத் திட்டருகே ஜெனோவா நகரத்தார் பைசாவின் கப்பற்படையை முறியடித்தனர். 1290-இல் துறைமுகத்தையும் தகர்த்து, அதன் வாயிலை அடைத்திருந்த இரும்புச் சங்கிலியைக் கொண்டுபோய்த் தம் நகர வாயிலில் தொங்கவிட்டனர். அது பைசாவுக்கு மீண்ட ஆண்டு 1860!

தோற்ற நகரங்கள் மீள்வதுண்டு. பைசாவை மீளவொட்டாது தடுத்தது ஆற்று வண்டல். அது படியப்படியக் கடல் விலகியது, துறை தூர்ந்தது. 1406-இல் பைசாவைக் கைப்பற்றிய பிளாரன்ஸ் நகரத்தார், பின்னாளில் தெற்கே லிவோர்னோவில் புதுத் துறைமுகம் கண்டனர்.

இன்று கடல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1998-இல் பைசாவில் ஒரு ரயில் நிலையத்தருகே மண்ணைத் தோண்டியவர்கள் கண்டது, ரோமானியர் காலத்துக் கப்பல்கள்.