43 கிலோ உடல், மலேசியப் பட்டம்

கிள்ளானில் இருக்கும் என் தாத்தாவிடம் மல்யுத்தம் என்று சொன்னால் போதும், தாரா சிங், கிங் காங் என்று கதை தொடங்கிவிடும். 1947-இல் பஞ்சாபிலிருந்து சிங்கப்பூருக்கு வேலை தேடி வந்த தாரா சிங், பின்னர் கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வீழ்த்தி மலேயாவின் சாம்பியன் ஆனார். அவர் எடை ஏறத்தாழ 130 கிலோ. "சாம்பியன் என்றால் அப்படி இருக்க வேண்டும்" என்பார் தாத்தா.

ஆனால், 2019 ஜூலை மாதம் நம் நாட்டில் 'ரெசல்கோன்' பட்டத்தை வென்றவரின் எடை வெறும் 43 கிலோ; உயரம் 155 செண்டிமீட்டர். அவர் ஹிஜாப் அணிந்த 19 வயதுப் பெண் நோர் டயானா. மேடைப் பெயர் 'ஃபீனிக்ஸ்'. அன்று அவர் எதிர்கொண்டது நான்கு ஆண் வீரர்களை.

"எல்லாம் முன்கூட்டியே பேசிவைத்த நடிப்புதானே?" என்று பிரிக்பீல்ட்ஸில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது தோழி கேட்டாள். உண்மைதான். தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்பே தீர்மானிக்கப்படும். ஆனால், ரசிகர்களின் நம்பிக்கையை யாரும் தீர்மானிக்க முடியாது. பொருந்தாத ஒருவரிடம் பட்டத்தைக் கொடுத்தால் அரங்கமே முகம் சுளிக்கும்.

அப்படியென்றால் டயானாவை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

2015-இல், பள்ளி மாணவியாக இருந்தபோதே அவர் பயிற்சியில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அயிஸ் ஷௌகாட் ஃபொன்சேகா 'மலேசியா புரோ ரெசலிங்' அமைப்பைத் தொடங்கியிருந்தார். இந்தக் கலையில் முதல் பாடம் அடிப்பது அல்ல, விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழவேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கழுத்துக்கு ஆபத்து. போட்டியின் முடிவு தெரிந்திருந்தாலும் அந்த வலி நிஜம்.

இயல்பிலேயே கூச்சம் மிகுந்த டயானா, முதலில் முகமூடி அணிந்துதான் மோதினார். 2018-இல் ஒரு போட்டியில் தோற்றபின் முகமூடியைக் கழற்றினார். ரசிகர்கள் தன்னை ஏற்பார்களா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆனால், அவர்களோ கைதட்டி வரவேற்றார்கள். பகலில் மருத்துவமனை வேலை, மற்ற நேரத்தில் பயிற்சி என்றே அவர் நாள்கள் நகர்ந்தன. பட்டம் வென்றபோது அவர் பயிற்சிக்கு வந்து ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விழுவதையும் எழுவதையும் ரசிகர்கள் பார்த்துப் பழகியிருந்தார்கள். பலத்தைவிட வேகத்தை நம்பும் அவருடைய ஆட்டத்தை, 43 கிலோ உடலுக்கு ஏற்றதாகவே அவர்கள் கண்டார்கள். 2020-இல் ஃபோர்ப்ஸ் இதழின் '30 வயதுக்குட்பட்ட 30 பேர்' ஆசியப் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார்.

மாணவ நண்பர்களே, மேடைப் பேச்சோ நேர்முகத் தேர்வோ, நாம் முதலில் பயப்படுவது விழுந்துவிடுவோமோ என்றுதான். டயானா அந்த விழுதலைத்தான் முதலில் கற்றுக்கொண்டார்.

அவருடைய காணொளி ஒன்றைத் தாத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கு அடுத்த ஆட்டம் எப்போதாம்?" என்று மட்டும் கேட்டார்.