வலையின் கண்ணும் தூண்டிலின் றீலும்

1979இல் தொடங்கி 1985இல் நிறைவுற்ற கொத்மலை நீர்த்தேக்கம் வயலையும் வீட்டையும் விழுங்கியது. தலவாக்கலையில் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தாலும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அவர்களில் சிலர் இன்றும் அந்தத் தண்ணீருக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். நிலம் போனபின் தண்ணீரில் உள்ள மீனாவது வீட்டுக்கு உதவுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. உதவும். ஆனால் கடன்பட்டு வாங்கிய வலை ஒரே நாளில் பறிபோகாமல் இருக்க, சட்டம் எதை அளக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பல நாடுகளில் மீனை அளக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மாநிலங்களில் 'மறே கொட்' என்ற ஆற்றுமீன் 55 செ.மீ.க்கும் 75 செ.மீ.க்கும் இடையில் இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். சிறியது வளரட்டும், பெரியது முட்டையிடட்டும் என்பது கணக்கு. நமது நீர்த்தேக்கங்களில் நூற்றுக்கணக்கான மீன்களை ஒவ்வொன்றாக அளந்து பார்க்க யாரால் முடியும்? அதனால் இங்கே சட்டம் வலையின் கண்ணை அளக்கிறது. 1996ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்பிடி ஒழுங்குவிதிகளின்படி, மீனின் செவுளில் மாட்டும் வலைக்கு கண் 8.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. அது மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட.

இந்த அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கண்ணின் எதிரெதிர் முடிச்சுகள் இரண்டை இரு கைகளாலும் பிடித்து இறுக்கி இழுங்கள். அப்போது ஒரு முடிச்சிலிருந்து மறு முடிச்சுவரை வரும் நீளமே கண்ணளவு. சிலர் கண்ணின் ஒரு பக்கத்தை மட்டும் அளந்து சொல்வார்கள். அது பாதிதான். எந்த அளவைச் சொல்கிறார் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பிறகு காசை எடுங்கள். கையில் ஓர் அடிமட்டம் இருந்தால் கேட்கவே தேவையில்லை.

சின்னக்கண் வலையில் முதல் வாரம் நிறைய மீன் விழும் என்பது உண்மைதான். அடுத்து என்ன நடக்கும்? நம் நீர்த்தேக்கங்களில் அதிகம் பிடிபடுவது திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் இது. தாய்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் தன் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஒரு தாயைப் பிடித்தால் வாயில் உள்ளவையும் போகும். ஓயாமல் பிடிக்கப்படும் நீரில் திலாப்பியா சிறு பருவத்திலேயே முட்டையிடத் தொடங்கி, உள்ளங்கையளவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அத்தகைய மீனுக்குச் சந்தையில் விலை ஏது?

கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்களின் நிலை வேறு. அவை ஓடும் ஆற்றில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் பெருகுவதில்லை. குஞ்சு விட்டால்தான் மீன் உண்டு. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியபோது குஞ்சு விடுவதும் நின்றது, உற்பத்தி விழுந்தது. 1994இல்தான் மீண்டும் தொடங்கினார்கள். பிறகு 1998ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 'நக்டா' என்று அழைக்கப்படும் நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை அமைந்தது. ஆகவே சின்னக் கெண்டையைப் பிடிப்பது, விதைநெல்லைச் சமைப்பது போன்றது.

வலை வாங்க வசதியில்லாதவருக்குத் தூண்டில் உண்டு. தூண்டிலுக்கு வலைக்கண் இல்லை. அந்த வேலையைக் கொக்கி ஓரளவு செய்யும். பெரிய கொக்கி சின்ன வாய்க்குள் போகாது. அதையும் மீறிச் சிறியது மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்துக் கழற்றி விடுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பான மேற்பூச்சை உரித்துவிடும்.

போத்தலில் சுற்றிய தங்கூசி நூல்தான் மிக மலிவான றீல். கரையோர மீனுக்கு அது போதும், கேவலமாக நினைக்க வேண்டாம். தூரம் எறிய வேண்டுமானால் கடைகளில் மூன்று வகை றீல்கள் உண்டு. மூடிய முகம் கொண்ட றீலில் பொத்தானை அழுத்தி எறியலாம். பழகுவது எளிது, ஆனால் உள்ளே சிக்கினால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். எறியும்போது உருளையே சுழலும் வகை பெரிய மீனுக்கு நல்லது. பழகாத கையில் நூல் குருவிக்கூடாகிவிடும். வளையக் கம்பி கொண்ட திறந்த றீல் இவற்றுக்கு நடுவே நிற்பது. உருளை அசையாமல் நிற்க, நூல் மட்டும் கழன்று ஓடும். காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கக் கரைகளுக்கு என் தெரிவு இதுதான். 2500 அல்லது 3000 இலக்க அளவும், 3 முதல் 4 கிலோ தாங்கும் நூலும் போதும்.

றீலின் இழுவைத் திருகியை இறுக்கி மூடிவிடாதீர்கள். நூல் தாங்கும் எடையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு இழுப்பில் உருளை இளகிக் கொடுக்க வேண்டும். 4 கிலோ நூலுக்கு ஒரு கிலோ அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ சீனிப் பையை நூலில் கட்டித் தூக்கிப் பார்த்தால் தெரியும். மீன் இழுத்து நூல் ஓடும்போது கைப்பிடியைச் சுற்ற வேண்டாம். நூல் முறுக்கேறிப் பாழாகும். எறிந்தபின் வளையக் கம்பியைக் கையால் மூடிப் பழகினால் றீல் நீண்ட நாள் உழைக்கும்.

படகில் போய் வலை போட அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடி, நஞ்சு ஆகிய இரண்டும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி குற்றம். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்குள்ள ஓடைகளில் தூண்டிலோடு போய் நிற்காதீர்கள். அணைக்கட்டின் கீழ்ப்புறத்திலும் நிற்க வேண்டாம். மேலே கதவு திறந்தால் தண்ணீர் திடீரென வரும். ஒவ்வொரு நீர்த்தேக்கத்திலும் வேறு கட்டுப்பாடுகளும் இருக்கலாம். புதிதாகத் தொடங்குபவர் வலை வாங்குவதற்கு முன்பே நக்டா அலுவலரிடமோ அங்குள்ள மீனவர் சங்கத்திடமோ கேட்டறிவது நல்லது. போகும்போது அடையாள அட்டையையும், வாங்க நினைக்கும் வலையின் ஒரு துண்டையும் கொண்டு போங்கள்.